ராண்ட்ஜன் பண்டிதரும் ரப்பர் நாடாவும்

விழுப்புரத்திலேனும் திண்டிவனத்திலேனும் மரத்தினின்று வீழ்ந்து கையை முறித்துக்கொண்ட சிறுவனை வைத்தியர் முதற்கண் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துவரும்படி அனுப்புகின்றார். அக்கதிரைக் கண்டவர் வில்ஹெல்ம் கொன்ராட் ராண்ட்ஜன் என்பது நம் மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயின் அதற்குப் பதினைந்தாண்டு முன்னரே, 1880-இல், அவர் ஒரு ரப்பர் நாடாவை மின்சாரத்தால் நீளவும் சுருங்கவும் செய்தார் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். பாடப் புத்தகங்கள் இதனைச் சொல்லாது விடுத்தமையின், யாம் இதனையே முதன்மையாகக் கொண்டு அவர் சரிதத்தைக் கூறப் புகுந்தோம்.

அவர் 1845-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் பிரஷ்ய தேசத்து லெனெப் என்னும் ஊரில் ஒரு துணி வணிகருக்கு ஏக புத்திரராய்ப் பிறந்தார்; மூன்றாம் வயதில் பெற்றோருடன் ஹாலந்து தேசஞ் சென்றார். அங்கே உட்ரெக்ட் நகரத் தொழிற்பள்ளியில் பயிலுங்கால் எவனோ ஒரு மாணவன் ஆசிரியரைப் பரிகசித்துச் சித்திரம் வரைந்தான். வரைந்தவன் இன்னான் எனச் சொல்லுமாறு ராண்ட்ஜனை வற்புறுத்தினர். தோழனைக் காட்டிக்கொடுக்க அவர் இசைந்திலர், பள்ளியினின்று நீக்கப்பட்டார். அவர் செய்தது முறையா என நம் மாணவர் சங்கத்தார் ஒரு மாலை முழுதும் வாதிடலாம். அவருக்கோ அதன் பயன் வாதமாய் முடியவில்லை. பள்ளிச் சான்றிதழ் இன்மையாற் சர்வகலாசாலைகளின் கதவுகள் அடைபட்டன. ஸூரிச் நகரத்துத் தொழிற் கலாசாலையே அவரை ஏற்று இயந்திரக் கலை பயிற்றியது. 1869-இல் டாக்டர் பட்டம் பெற்று, குண்ட் என்னும் பேராசிரியருக்கு உதவியாளராயினார். அவருடன் வூர்ஸ்புர்க் சென்றபோதும் பழைய குறையே குறுக்கே நின்றது. விரிவுரை செய்யும் உரிமை அங்கே மறுக்கப்பட்டது. பின்னாளில் அதே சர்வகலாசாலைக்கு அவர் தலைவரானதை எண்ணுந்தோறும் எமக்கு நகை வருகின்றது.

1879-இல் கீஸன் நகரிற் பேராசிரியரானார். மின்னேற்றிய லேடன் ஜாடியின் கண்ணாடி சிறிது பருக்கின்றது என்பது முன்னரே தெரிந்த செய்தி. காரணம் யாதென அறிஞர் தம்முள் மாறுபட்டனர். கண்ணாடியில் அவ்வசைவு மிகச் சிறிது. ஆதலின் ராண்ட்ஜன் ரப்பரை எடுத்தார். நாடாவின் ஒரு முனையைக் கட்டித் தொங்கவிட்டு, மறுமுனையில் எடையொன்றைப் பிணித்து, இருபுறத்தும் ஊசிமுனைகளினின்று எதிரெதிரான மின்னேற்றத்தைத் தெளித்தார். எடை இறங்கியது, மின்னேற்றத்தை நீக்கியவுடன் மேலேறியது.

இதன் காரணம் எளிதே. நாடாவின் இரு முகங்களிலும் உள்ள மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்த்து இடையிலுள்ள ரப்பரை நசுக்குகின்றன. நசுக்குண்டாலும் ரப்பரின் கனவளவு ஏறக்குறைய மாறாது. எனவே தடிப்புக் குறைய நீளம் மிகுகின்றது. சப்பாத்தி மாவைக் குழவியால் அழுத்தினால் அது அகலுமன்றோ! மின்புலம் இருமடங்கானால் அவ்வழுத்தம் நான்மடங்காகும். எதிர்வழியும் உண்டு. நீட்டிய ரப்பருக்கு மின்னேற்றி, அதனைத் தளரவிட்டால், மின்னேற்றம் முன்னிலும் உயர்ந்த மின்னழுத்தத்தில் வெளிவரும். சவ்வைச் சுருக்கும் உழைப்பே மின்சாரமாகின்றது. மரக்காணத்துக் கரையில் ஓயாது மோதும் அலைகளைப் போன்ற அலைகளைக்கொண்டு சவ்வை நீட்டித் தளர்த்தி மின்சாரம் பெறும் சோதனைகள் பிற நாட்டார் செய்துளர்.

1895 நவம்பர் 8 இரவு நிகழ்ந்ததை விரித்தல் வேண்டா. டிசம்பர் 22-இல் மனைவியார் பெர்த்தாவின் கையெலும்பும் மோதிரமும் படத்திற் பதிந்தன. அக்கதிருக்குக் காப்புரிமை கொள்ள அவர் மறுத்தார். பௌதிகத்துக்குரிய முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கே கிடைத்தது. அப்பொருளை வூர்ஸ்புர்க் சர்வகலாசாலைக்கு ஈந்தார். 1900 முதல் மூனிக்கில் வாழ்ந்தார். 1919-இல் மனைவியாரை இழந்தார். போருக்குப்பின் ஜெர்மானியப் பணம் மதிப்பிழந்தபோது அவர் செல்வமும் அதனோடு கரைந்தது. 1923 பிப்ரவரி 10-இல் காலமானார். அவர் விருப்பப்படியே ஆய்வுக் குறிப்புகள் எரிக்கப்பட்டன.

அச்சேறிய ரப்பர்க் கட்டுரையோ எரியவில்லை, நெடுங்காலம் துயின்றது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர், மெல்லிய சவ்வின் இருபுறத்தும் வளையுந் தன்மையுள்ள மின்வாய்களைப் பூசி, அதனை இருமடங்கினும் மிகுதியாக நீளச் செய்தனர். அதன்பின் செயற்கைத் தசை என்னும் பெயர் எங்கும் பரவிற்று. ஆயினும் ஓர் இடர் உண்டு. மின்னழுத்தம் மாறாது நிற்குங்கால், சவ்வு மெலிய மெலிய மின்புலம் வலுக்கும். வலுக்க வலுக்கச் சவ்வு இன்னும் மெலியும். முடிவில் மின்பொறி அதனைத் துளைத்துவிடும். 2010-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர ஆய்வாளர் மின்வாய்களை நீக்கி, ராண்ட்ஜன் செய்தவாறே மின்னேற்றத்தைத் தெளித்துப் பார்த்தனர். தெளித்த மின்னேற்றம் அளவுபட்டது. சவ்வு அகலுந்தோறும் அது பரந்து மெலிந்தது. நூற்றுமுப்பதாண்டுக்கு முந்திய முறையில் அவ்விடர் நேரவில்லை.