மங்கலான ஒளியை ஐயுற்றவர்

கல்லீரல் சிதைவதைக் குருதிப் பரிசோதனை தாமதமாகவே காட்டுகிறது. செல்கள் உடைந்து, அவற்றின் நொதிகள் குருதியில் கலந்த பிறகே அளவு ஏறும். பாரசிட்டமால் அளவு மீறிய கல்லீரலில் உருவாகும் தீய மூலக்கூறுகளோடு வினைபுரிந்து ஒளிரும் சாயங்களை வேதியியலாளர்கள் எலிகளில் சோதித்துவருவது அதனால்தான். அவர்களுக்கு ஓயாத தொல்லை ஒன்று உண்டு: தெரியும் ஒளி சாயத்தினுடையதா, திசு தானே உமிழ்வதா? ஏறத்தாழ இதே ஐயத்தைத் தீர்த்துவைத்த தமிழர் கே.எஸ். கிருஷ்ணன்.

1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1923-இல் அங்கே கே.ஆர். இராமநாதன், திரவங்கள் சிதறடித்த ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறு ஒன்றைக் கண்டிருந்தார். அழுக்கின் ஒளிர்வாக இருக்கலாம் என்று கருதித் திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. ஆயினும் மங்கலான ஒளிர்வு என்ற பெயரே அதற்கு நிலைத்தது.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் அதை மீண்டும் கையில் எடுத்தார். கருவிகள் எளியவை: சூரிய ஒளி, வில்லைகள், நிறவடிகட்டிகள், கூர்ந்த கண். திரவம் மாறினாலும் ஒளி தெரிந்தது. அதன் அலைகள் வலுவாக ஒரே தளத்தில் அதிர்ந்தன. நீர்த்த திரவங்களில் சாதாரண ஒளிர்வுக்கு இந்தக் குணம் அவ்வளவு இராது. ஆகவே இது ஒளிர்வன்று, நிறம் மாறிய சிதறல். நேச்சர் இதழுக்குச் சென்ற முதல் அறிக்கையில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இன் நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே. வழிகாட்டியவர் அவரே என்பதில் ஐயமில்லை. ஆனால் பொய்த் தடயங்களை ஒவ்வொன்றாக விலக்கும் அலுப்பான உழைப்பை நாம் போதுமான அளவு கொண்டாடுவதில்லை.

பிறகு டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகள், 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, அலகாபாத் பேராசிரியர் பணி, தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு. 1961-இல் மறைந்தார்.

இன்று அறுவை அரங்குகளில் இண்டோசயனின் பச்சை என்னும் சாயம் பயன்படுகிறது. குருதியிலிருந்து அதைக் கல்லீரலே பற்றிப் பித்தநீரில் கழிக்கும். நலிந்த கல்லீரலில் அது மெல்லவே வெளியேறும். அது ஒளிர்வது அகச்சிவப்பை ஒட்டிய அலைநீளத்தில்; அங்கே திசுவின் சொந்த ஒளி குறைவு. ராமன் சிதறலைக் கொண்டு கல்லீரல் திசுவை ஆராய்வோருக்கோ தொல்லை தலைகீழ்: திசுவின் ஒளிர்வு சிதறலை மூழ்கடித்துவிடுகிறது. கிருஷ்ணன் பிரித்தறிந்த அதே இரண்டு ஒளிகளை அவர்கள் இன்னமும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.