வேட்டி பெயரில் ஒரு புற்றுநோய்... திசுவை வைத்து கண்டுபிடித்த டாக்டர் கனோல்கர் யார்?

விசைத்தறிச் சத்தம் ஓயாத பல்லடம் பக்கம் வேட்டி இல்லாத வீடு கிடையாது. அந்த வேட்டி பெயரிலேயே ஒரு புற்றுநோய் இருக்கு தெரியுமா? மருத்துவப் புத்தகங்களில் அதற்குப் பெயர் 'தோத்தி கேன்சர்'. அதை உலகத்துக்குச் சொன்னவர் டாக்டர் வசந்த் ராம்ஜி கனோல்கர். இந்திய நோய்க்குறியியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

1895ல் குவெட்டாவில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. லண்டனில் படித்துவிட்டு மும்பை திரும்பி, மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்தினார். 1941ல் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் ஆய்வகப் பொறுப்பு அவரிடம் வந்தது.

நோயாளியிடம் எடுத்த சதைத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்வதுதான் வேலை. கனோல்கர் அதோடு நிற்கவில்லை. இந்த இடத்தில் ஏன் வந்தது என்று நோயாளியின் பழக்கத்தையும் தேடிப் போனார். 1945ல் சூர்யாபாயுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில்தான் தோத்தி கேன்சர் வந்தது. வருஷக்கணக்கில் இடுப்பில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, தோல் உரசி உரசிப் புண்ணாகி வருவது. பயப்பட வேண்டாம், இது ரொம்ப அரிது. சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பவர்களுக்கு மேலண்ணத்தில் வரும் புற்றுநோயும் அதே கட்டுரையில் உண்டு.

இன்றைக்கு இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே துண்டை உறைய வைத்து, மெலிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இதுதான் ஃப்ரோசன் செக்‌ஷன். சுமார் 20 நிமிடத்தில் பதில் வரும். இன்னும் வெட்டணுமா, தையல் போடலாமா என்று டாக்டர் முடிவெடுப்பது அதை வைத்துத்தான். ஆனால் உறைய வைத்த திசு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதனால் மீதித் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மறுபடியும் பார்ப்பார்கள். இறுதி ரிப்போர்ட்டுக்கு சில நாள் ஆவது இதனால்தான். முதலில் சொன்னது சில சமயம் இதில் மாறவும் செய்யும்.

கத்தி பட்டால் கட்டி பரவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு பயாப்ஸியைத் தள்ளிப்போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் பரவுவது மிக மிக அபூர்வம். தள்ளிப்போடும் மாதங்களில் கட்டி வளர்வதுதான் நிஜமான ஆபத்து.

கனோல்கர் 1978ல் காலமானார். அவர் தொடங்கிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம்தான் இன்று நவி மும்பை கார்கரில் 'ஆக்ட்ரெக்' என்ற பெயரில் இயங்குகிறது.