பிரித்துப் பார்த்தவரின் தொழில்

முகையூரில் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் என் முன்னாள் மாணவர் ஒருவர், பட்டறையை மூடிவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போகலாமா என்று அண்மையில் கேட்டார். அவருக்கு ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையை எடுத்துரைத்தேன்.

1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த நாயுடு, பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர். ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர், கோவை உணவு விடுதியொன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, அத்தகைய வண்டியை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டிக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கியபோது அவரே ஓட்டுநர். அதுவே யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1974-இல் மறையும்வரை அவருடைய ஆர்வம் குன்றவில்லை.

முதலீட்டுக்கு முன்னரே தொழில் அவர் கைக்கு வசப்பட்டிருந்தது. என் மாணவருக்கும் அது வசப்பட்டதே. அவரிடம் இல்லாதது கணக்கு. தம் உழைப்புக்குக் கூலி எழுதாமலே லாபம் பார்த்துவந்தார். இயந்திரத்தைப் போல வரவு செலவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தம் கூலியையும் கழித்து ஓராண்டுக்குப் பின் மிச்சம் இருந்தால் பட்டறை தொடரட்டும். இல்லையெனில் மூடுவது இழுக்கன்று என்றேன்.

எல்லோரும் நாயுடு ஆகிவிட முடியாது. ஆனால் விருப்பமான தொழிலைக் கணக்குப் பாராமல் கைவிடுவதும், கணக்குப் பாராமல் கட்டிக்கொண்டு அழுவதும் ஒரே பிழைதான்.