பறவைகளுக்காக மதில் எழுப்பியவர்

சென்ற பங்குனி மாதத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தாத்தாவின் படத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவிகள் இரண்டு வைக்கோல் கொண்டுவந்து சேர்த்தன. தரையெல்லாம் குப்பையாகிறதே என்று நான் அதை இருமுறை கலைத்துவிட்டேன். மூன்றாம் முறை அவை வரவே இல்லை. விலங்கியல் பயிலும் நானே இப்படிச் செய்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த உறுத்தலே, சார்லஸ் வாட்டர்டன் என்னும் பெருமகனாரின் வாழ்க்கையைப் பற்றி என்னை எழுதத் தூண்டியது.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், வேக்ஃபீல்டு நகருக்கு அருகே வால்டன் ஹால் என்ற மாளிகை உள்ளது. ஏரியின் நடுவே ஒரு தீவில் அமைந்த அம்மாளிகையில் 1782-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வாட்டர்டன் பிறந்தார். ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தபோது, பாடப் புத்தகத்தைவிடப் பறவைக் கூடுகளிலேயே அவர் மனம் லயித்தது. அங்கிருந்த பாதிரிமார்கள் அந்த ஆர்வத்தை அடக்கவில்லை. கல்லூரியில் எலியும் நரியும் பிடிக்கும் பொறுப்பையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்! மாணவனின் இயல்பறிந்து நடந்த ஆசிரியர்கள் அவர்கள்.

1804-ஆம் ஆண்டில், குடும்பத்தாரின் தோட்டங்களை நிர்வகிக்கத் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவுக்குச் சென்றார். அவை அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டங்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பின்னர் அந்நாட்டுக் காடுகளில் அலைந்து திரிந்த அனுபவங்களை நூலாக எழுதி, 1825-இல் வெளியிட்டார். பறவை உடல்களைப் பாடம் செய்யும் கலையை, அடிமையாயிருந்த ஜான் எட்மன்ஸ்டன் என்பவருக்குக் கற்பித்தார். விடுதலை பெற்ற எட்மன்ஸ்டன் பிற்காலத்தில் எடின்பரோவில் அக்கலையை யாருக்குக் கற்றுக்கொடுத்தார் தெரியுமா? மாணவராயிருந்த சார்லஸ் டார்வினுக்கு!

ஆயினும் வாட்டர்டனின் உண்மையான பெருமை அவர் வீட்டுத் தோட்டத்தில்தான் இருக்கிறது. துப்பாக்கி வேட்டை செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்த காலம் அது. அவரோ தம் நிலத்தில் துப்பாக்கிச் சத்தமே கேட்கலாகாது என்றார். 1820-களில் தோட்டத்தைச் சுற்றிச் சுமார் 3 மைல் நீளத்துக்குக் கல் மதில் எழுப்பினார். மது அருந்தாமல் மிச்சப்படுத்திய பணத்தில் கட்டியது என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.

தீங்கைத் தடுத்தால் மட்டும் போதாது, தங்க இடமும் தரவேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார். இளவேனில் தோறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, மணற்கரையில் வளை குடைந்து முட்டையிடும் தகைவிலான் குருவிகளுக்காகத் துளைகள் வைத்த சுவரைக் கட்டினார். மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்குக் கல் கோபுரம் அமைத்தார். பட்டுப்போன மரத்தையும் அதன் பொந்துக்காக வெட்டாமல் விட்டார். மறைவிடம் வேண்டுமென்று கொடிகளையும் புதர்களையும் வளர்த்தார்.

கூகைக்கு அவர் செய்த உதவி தனிச் சிறப்புடையது. கூகை அலறினால் சாவு வரும் என்று நம் பாட்டிமார் அஞ்சுவது போலவே அந்நாட்டாரும் அஞ்சிக் கொன்றுவந்தார்கள். வாட்டர்டன் 1813-இல் பழைய வாயிற்கட்டடத்தின் இடிபாட்டில் அதற்கென ஒரு கல்வீடு கட்டினார். விரைவிலேயே ஓர் இணை குடியேறியது. கூகை கக்கிய உருண்டைகளைப் பிரித்து, உள்ளே எலி எலும்புகள் நிறைந்திருப்பதைக் கண்டார். அஞ்சப்பட்ட பறவை உழவனின் நண்பன் என்பது அவர் காட்டிய உண்மை.

ஆனால் மதில் துப்பாக்கியைத் தடுத்ததே தவிர, புகையைத் தடுக்கவில்லை. அருகில் எழுந்த சோப்புத் தொழிற்சாலை ஒன்றின் நச்சுப்புகையால் மரங்கள் கருகின, நீர் கெட்டது. முதுமையிலும் வழக்காடி, அதை அங்கிருந்து அகலச் செய்தார். 1865-ஆம் ஆண்டு மே மாதம், தம் தோட்டத்திலேயே தடுக்கி விழுந்து காயமுற்றுச் சில நாட்களில் காலமானார். ஏரிக்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் நடந்ததைப் படித்தபோது என் நெஞ்சம் கனத்தது. அவருடைய ஒரே மகன் அங்கு வேட்டையை அனுமதித்தார். பின்னர் அந்தச் சோப்புத் தொழிற்சாலைக் குடும்பத்தாருக்கே மாளிகையை விற்றுவிட்டார்!

அப்படியானால் வாட்டர்டன் தோற்றுவிட்டாரா? இல்லை என்பேன். பிறருக்குச் சொத்து கைமாறலாம். எண்ணம் கைமாறும்போது வளர்கிறது. இன்று உலகெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் கூட்டுப் பெட்டிகளும், பறவைச் சரணாலயங்களும் அவரைப் போன்ற முன்னோடிகள் இட்ட விதைகளே.

நமக்கு மூன்று மைல் மதில் வேண்டாம். ஒன்றரை அங்குலத் துளையிட்ட ஒரு மண்கலயம், பூனைக்கு எட்டாத நிழல், ஒரு தட்டில் தண்ணீர், இவை போதும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நானும் ஒரு கலயம் கட்டியிருக்கிறேன். குருவிகள் இன்னும் வரவில்லை. இருமுறை விரட்டியவன் சில மாதங்கள் காத்திருப்பதில் தவறில்லை அல்லவா?