பீட்டர் கூப்பர் ஹெவிட்

பீட்டர் கூப்பர் ஹெவிட் (மே 5, 1861 – ஆகஸ்ட் 25, 1921) ஓர் அமெரிக்க மின்பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். இன்றைய குழல் விளக்கிற்கு (டியூப் லைட்) முன்னோடியான பாதரச ஆவி விளக்கிற்கு 1901 இல் காப்புரிமம் பெற்றவர்.

வாழ்க்கை

நியூயார்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஏப்ரம் ஹெவிட் அந்நகரின் மேயராக இருந்தவர் (1887–1888). தாய்வழிப் பாட்டனார், கூப்பர் யூனியன் கல்லூரியை 1859 இல் நிறுவிய தொழிலதிபர் பீட்டர் கூப்பர். ஹெவிட் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். வருவாய்க்காக உழைக்கவேண்டிய தேவை இல்லாததால், ஆய்விலேயே பல ஆண்டுகளைச் செலவிட முடிந்தது.

பாதரச ஆவி விளக்கு

அக்காலத்து மின்னிழை விளக்குகள் (குண்டு பல்புகள்) பெற்ற மின்னாற்றலில் மிகப் பெரும்பகுதியை வெப்பமாகவே இழந்தன. இழையைச் சூடாக்காமல், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயிலுள்ள பாதரச ஆவியின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி ஒளி பெற்றார் ஹெவிட். விளக்கை ஏற்றக் குழாயைச் சற்றே சாய்க்கவேண்டும். நீர்மப் பாதரசம் இரு மின்முனைகளையும் ஒரு கணம் இணைத்துப் பிரியும்போது மின்வில் தோன்றும். ஆவியின் மின்தடை மின்னோட்டம் கூடக்கூடக் குறைவதால், கட்டுப்படுத்தாவிட்டால் விளக்கு பழுதாகிவிடும். ஆகவே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சுருள் ஒன்று தேவைப்பட்டது. நம் வீட்டுக் குழல் விளக்கின் சோக்கு செய்யும் வேலையும் இதுவே.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுசின் ஆதரவுடன் கூப்பர் ஹெவிட் மின்நிறுவனம் தொடங்கப்பட்டது. (பின்னர் அது ஜெனரல் எலக்ட்ரிக் வசமானது.) விளக்கு சிக்கனமானது; ஆனால் அதன் நீலப்பச்சை ஒளியில் சிவப்பு அறவே இல்லை எனலாம். அவ்வொளியில் மனித முகம் பிணத்தின் முகம்போல் தோன்றியதால் வீடுகள் அதனை ஏற்கவில்லை. தொழிற்கூடங்களும் ஒளிப்பட நிலையங்களும் தொடக்ககாலத் திரைப்படக் கூடங்களும் விரும்பி வாங்கின. அக்காலப் படச்சுருள் சிவப்பொளியை உணராதது என்பதால், மக்கள் வெறுத்த குறை அங்கே குறையாகவே படவில்லை.

சிவப்பொளி உமிழும் ரோடமின் சாயத்தை எதிரொளிப்பானில் பூசி நிறத்தைச் சீராக்கவும் ஹெவிட் முயன்றார். ஒளிர்பொருள் கொண்டு நிறத்தைத் திருத்தும் வழியை அவர் தொட்டுவிட்டார் என்றே சொல்லவேண்டும். பாதரசம் உமிழும் 253.7 நானோமீட்டர் புறஊதாக் கதிரைக் குழாயின் உட்புறப் பூச்சினால் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக மாற்றும் குழல் விளக்கு 1938 இல்தான் விற்பனைக்கு வந்தது. மின்னிழை விளக்கு ஒரு வாட்டிற்கு ஏறத்தாழ 15 லூமென் ஒளி தரும். நல்ல குழல் விளக்கு 80 முதல் 100 லூமென் வரை தரும். ஒளியுமிழ் இருமுனைய (எல்.ஈ.டி.) விளக்குகள் பாதரசமின்றியே இதனைத் தாண்டிவிட்டன. பாதரசம் நச்சுப்பொருள் ஆதலால், மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் குழல் விளக்கின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027 ஆம் ஆண்டிற்குள் நிறுத்த 2023 இல் முடிவெடுத்தன.

பிற ஆக்கங்கள்

விளக்கை ஆராயும்போதே, பாதரச வில் மின்சாரத்தை ஒரே திசையில் கடத்துவதைக் கண்டு, 1902 இல் பாதரச வில் அலைதிருத்தியை உருவாக்கினார். குறைகடத்திகள் வரும்வரை மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க மின்தொடர்வண்டித் தடங்கள் பலவற்றில் இதுவே பயன்பட்டது. பொறியியல் நோக்கில் விளக்கைவிட இதனையே பெரிய ஆக்கமாகக் கருதலாம். நீர்ப்பரப்பின் மேலெழுந்து விரையும் படகையும் செய்தார். முதல் உலகப் போரின்போது எல்மர் ஸ்பெரியுடன் இணைந்து ஆளில்லா வானூர்தி ஒன்றை உருவாக்க முயன்றார்.

1921 இல் பாரிசில் காலமானார். நியூயார்க்கிலுள்ள கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம் இவர் பெயரால் அமைந்ததன்று. அதனை 1897 இல் தோற்றுவித்தவர்கள் இவருடைய சகோதரிகள் சாராவும் எலினோரும்.