நீரின் பிணைப்பைக் கண்ட இராமச்சந்திரன்

எருணாகுளத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்து, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடமும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றார். மாணவர் பலர் அவரை இராமச்சந்திரன் வரைபடத்தால் மட்டுமே அறிவர். அதற்கு முன்பே அவர் தேடியது, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கங்காருவின் வால் தசைநாணை அளித்து உதவியது. மூன்று இழைகளாலான அமைப்பே கொலாஜன் என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் அறிவித்தார்.

மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் மறுப்பு எழுந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றார் இவர்; அதற்கு இடமில்லை, ஒன்றே இயலும் என்றனர் கிரிக்கும் ரிச்சும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1968இல், ஆர். சந்திரசேகரனுடன் எழுதிய கட்டுரையில் அவர் விடை தந்தார். இரண்டாம் பிணைப்பை இழைகள் நேரே கொள்வதில்லை; இடையே நிற்கும் நீர் மூலக்கூறு இருபுறமும் பற்றி அவற்றை இணைக்கிறது. வெறும் ஈரமென்று நாம் எண்ணுவதே கட்டமைப்பின் உறுப்பாயிற்று!

1994இல், கொலாஜனை ஒத்த சிறு பெப்டைடின் படிகத்தில், இழைகளுக்குப் பாலமிட்டு நிற்கும் நீர் மூலக்கூறுகள் தெளிவாகத் தெரிந்தன. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதில் உண்மை கிரிக்கின் பக்கம் இருந்தது. நீரின் பங்கை இராமச்சந்திரன் முன்னரே உரைத்திருந்தார். அதன்பின் ஏழாண்டுகள் வாழ்ந்து, 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.