ஸர் தாமஸ் மன்றோவும் ஊர்க்காவலும்

ஒரு நாட்டிற் காவலர் எத்துணைப் பேர் உளர் என்பதினும், குடிகள் அவரை எத்துணை நம்புகின்றனர் என்பதே பெரிது. இவ்வுண்மையைச் சென்னை இராஜதானியில் நன்குணர்ந்தவருள் ஒருவர் ஸர் தாமஸ் மன்றோ ஆவர். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் ஒரு வணிகரின் மகனாய்ப் பிறந்தார். தந்தையார் பொருளிழந்து நலிந்தமையால், 1780-இல் கும்பெனிப் படையிற் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஹைதர் அலியோடு நிகழ்ந்த போரிலும் கலந்துகொண்டார். 1792-இல் ரீடு துரையின் உதவியாளராய்ப் பாரமகால் சீமையை அடைந்தார். அங்கு ஏழாண்டுகள் ஊரூராய்ச் சென்று, உழவரோடு நேரிற் பேசி, அவர் வழக்கங்களைக் கற்றார். இக்கல்வியே பிற்காலத்து அவர் செயல்களுக்கு வித்தாயிற்று.

அக்காலத்து ஊர்க்காவல் தலையாரியின் கையில் இருந்தது. அவனுக்கு மானிய நிலமோ, களத்து நெல்லிற் பங்கோ உண்டு. களவு நிகழின் அவன் அடிச்சுவடு பற்றிச் சென்று கள்வனைத் தேடுவான். காவற்கூலி பெற்றவர் களவுபோன பொருளுக்கு ஈடு செய்யும் வழக்கமும் பலவிடத்து இருந்தது. கும்பெனியாரோ 1802-இல், வங்காளத்து முறையைப் பின்பற்றி, தரோகா என்னும் சம்பள அதிகாரிகளை ஏற்படுத்தினர். ஊரையும் மக்களையும் அறியாத அவ்வதிகாரியைக் குடிகள் அஞ்சினரேயன்றி நம்பினாரல்லர். உண்மை கூற எவரும் முன்வாராதபோது கள்வனைப் பிடிப்பது எங்ஙனம்?

1814-இல் மன்றோ, நீதி, காவல் முறைகளைத் திருத்தும் குழுவின் தலைவராய்ச் சீமையினின்று திரும்பினார். 1816-இல் தரோகா முறை ஒழிந்தது. மணியக்காரரும் தலையாரியும் மீண்டும் காவற்பொறுப்பேற்றனர்; தாசில்தாரும் கலெக்டரும் அவரை மேற்பார்த்தனர். பத்து ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளை ஊர் முன்சீபே தீர்க்கலாயினர். தென்னாற்காட்டுத் திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் போன்ற ஊர்களின் குடிகளும், அயலாரை நாடாது தம்மூராரிடமே முறையிட வழி பிறந்தது. லண்டனில் ஸர் ராபர்ட் பீல் புதிய போலீஸை நிறுவியது இதற்குப் பின்னர், 1829-இலேயாம்.

ஆயினும் குறையைக் கூறாது விடுதல் நேர்மையன்று. சிறு குற்றஞ்செய்த தாழ்த்தப்பட்டோரை மட்டும் தொழுமரத்திற் பூட்ட அச்சட்டம் இடந்தந்தது. ஊரார் என்னும் சொல்லுள் அவ்வெளியோர் அடங்கிலர் போலும்! மேலும், வரி வாங்கும் கையே தண்டிக்கும் கையும் ஆயிற்று. வரிக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் குடிகள் வதைக்கப்பட்டமையை 1855-இல் ஒரு விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அதன்பின் 1859-இல் வருவாய்த் துறையினின்று பிரிந்த தனிப் போலீஸ் படை தோன்றிற்று.

1820 முதல் கவர்னராயிருந்த மன்றோ, 1827-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள், சுற்றுப்பயணத்திடையே பத்திகொண்டாவில் வாந்திபேதியால் உயிர் நீத்தார். இறுதிவரை குடிகளை நேரிற் காண்பதையே அவர் கடமையாகக் கொண்டார். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமீது அமர்ந்த அவர் சிலையை இன்றும் காணலாம்.

அவர் வாழ்வு உணர்த்துவன இரண்டு. மக்களை அறியாத காவலர் மக்களின் நம்பிக்கையைப் பெறார் என்பது ஒன்று. எளியோர்க்கும் வலியோர்க்கும் ஒரே நீதி வழங்காத காவலர், எத்துணை அறிமுகமானவராயினும் அதனைப் பெறார் என்பது மற்றொன்று. முன்னதை மன்றோ செய்து காட்டினார். பின்னதைச் செய்தல் பின்வந்தோர் கடனாம்.